மூன்றாம் வாரம் நம்முடையது

(மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போ நகருக்கு வடக்கே உள்ள சுங்கை சிப்புட் ஊரின் கோயில் மண்டபம் ஒன்றில், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, என்னிடம் அடியும் வாங்கிப் பாடமும் படித்த பிள்ளைகளே, வணக்கம்.

"புற்றுநோயை வென்ற தன்னம்பிக்கை" என்று வாசலில் பதாகை கட்டியிருக்கிறார்கள். எழுத்து அழகாக இருக்கிறது. ஆனால் வென்றேன் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை. பரிசோதனைக்கு இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். தன்னம்பிக்கை பற்றிப் பேச ஊரில் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஐஸ் காச்சாங்கைப் பற்றி, அதுதான் அரைத்த பனியில் பாகு ஊற்றித் தருவார்களே, அதைப் பற்றிப் பேசப்போகிறேன்.

எனக்கு வந்தது பெருங்குடல் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து புண் ஆறியதும் கீமோ தொடங்கியது. எனக்குக் கொடுத்த மருந்தில் 21 நாள் ஒரு சுற்று. முதல் நாள் ஈப்போவில் ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். அது இறங்கவே இரண்டு மணி நேரம் ஆகும். அன்றிலிருந்து 14 நாள், காலையும் இரவும், சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் கேபசிட்டபின் மாத்திரை. அதற்குப் பிறகு ஏழு நாள் மருந்தே இல்லை. அந்த ஏழு நாளைத்தான் நான் மூன்றாம் வாரம் என்கிறேன்.

ஆக்சாலிபிளாட்டினுக்கு ஒரு வேடிக்கையான குணம் உண்டு. அது ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ச்சி எதையும் தொட முடியாது. குளிர்பதனப் பெட்டியைத் திறந்து தயிர்க் கிண்ணத்தை எடுத்தால் விரல்களில் மின்சாரம் பாயும். குளிர்ந்த தண்ணீரை ஒரு மடக்கு குடித்தால் தொண்டை இறுகுவதுபோல இருக்கும், மூச்சு நின்றுவிடுமோ என்று பயம் வரும். நரம்பு நுனிகள் குளிரைத் தாங்காமல் போவதால் வருவது அது. செம்பனைக் காட்டு வெயிலில் வந்து நின்றுகொண்டு வெந்நீர் குடிப்பது எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். இன்னொரு சங்கடம்: குமட்டலுக்கு ஆறிய உணவு நல்லது, சூடான உணவின் வாசனையே வயிற்றைப் புரட்டும். சூடும் ஆகாது, குளிரும் ஆகாது. கடைசியில் காலையில் பிசைந்து மூடிவைத்த தயிர்ச்சோறுதான் என்னைக் காப்பாற்றியது. கூடவே வீட்டு மாங்காய் ஊறுகாய், நாக்கு மரத்துப்போன நாளிலும் அது தன்னை அறிவித்துவிடும்.

மாத்திரையின் குணம் வேறு. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, தோல் உரியும். பாத்திரம் தேய்க்கக் கூடாது, சுடுதண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று மருந்தாளர் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்காத என் கணவர் அன்று முதல் பாத்திரம் கழுவினார். நாற்காலியை வாசற்படியில் போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்தேன் பாருங்கள், அந்தச் சுகத்துக்கு ஈடு இல்லை. (சிரிப்பு) கைரேகையும் தேய்ந்துவிட்டது. ஒரு வங்கியில் மைகார்டை, நம் அடையாள அட்டையை, செருகி, கட்டைவிரலை வைத்தால் இயந்திரம் "நீங்கள் நீங்கள் இல்லை" என்கிறது. இந்த மாத்திரை சாப்பிட்ட சிங்கப்பூர்க்காரர் ஒருவரை, ரேகை இல்லை என்று அமெரிக்காவில் குடிநுழைவு அதிகாரிகள் நான்கு மணி நேரம் நிறுத்திவைத்த செய்தி 2009-இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. ஆகவே இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிச் சீவியே ரேகையைத் தேய்த்தவர். அவருக்குக் கடிதம் கொடுக்க யாரும் இல்லை.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். மலேசிய இந்தியர்களின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. 1960-இல் அவர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், துண்டுதுண்டாக விற்கப்படும் தோட்டங்களை நாமே வாங்குவோம் என்றார். கொடுத்தார்கள். அப்படிச் சேர்த்துத்தான் நாம் நிமிர்ந்தோம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் நம் எலும்புக்குள் போய்விட்டது. நல்ல சேலை தீபாவளிக்கு, நல்ல தட்டு விருந்தாளிக்கு, சிரிப்பு எல்லாம் பிள்ளை படித்து முடித்த பிறகு. நோய் வந்தவரிடமும் அதையே சொல்கிறோம்: "முதலில் உடம்பு தேறட்டும், அப்புறம் பார்க்கலாம்." ஆறு மாதச் சிகிச்சை என்றால் ஆறு மாதமும் போர்வைக்குள்தான். சிலருக்கு அந்த அப்புறம் வருவதில்லை. வந்தாலும், இடையில் போன மாதங்களும் நம் வயதில்தானே சேரும்?

அதனால் நாட்காட்டியை எடுத்து மூன்றாம் வாரங்களைச் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். கல்யாணமா, மூன்றாம் வாரத்தில் விழுந்தால் வருவேன். பசார் மாலாமுக்கு, இரவுச் சந்தைக்கு, போனேன், ஐஸ் காச்சாங் சாப்பிட்டேன். சிவப்புப் பாகும் கடலையும் அரைத்த பனியும் தொண்டைக்குள் எந்தத் தகராறும் இல்லாமல் இறங்கின. தம்புன் பம்பளிமாஸ் உரித்துச் சாப்பிட்டேன். என் மாத்திரைக்குத் தடையில்லை என்று மருந்தாளர் சொன்னார். வேறு சில புற்றுநோய் மாத்திரைகளுக்கு அந்தப் பழம் ஆகவே ஆகாது, கேட்காமல் தொடாதீர்கள். மாலையில் தோட்டச் சாலையில் நடந்தேன். அசதியாக இருக்கிறதே என்று படுத்தால் அசதி கூடுகிறது, மெல்ல நடந்தால் குறைகிறது; மருத்துவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். ஒன்றில் மட்டும் விளையாட்டு வேண்டாம்: எந்த வாரமானாலும் உடல் சூடு 38 பாகை செல்சியஸைத் தொட்டால் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மருந்து ஏற்றும் நாளிலும் சந்தோஷம் இல்லாமல் இல்லை. பக்கத்து நாற்காலியில் ஒரு மலாய்க்கார அக்கா மகளின் நிச்சயதார்த்தப் படங்களைக் காட்டுவார். எதிரே ஒரு சீன அம்மா என் மருந்து இயந்திரத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு போய் நாலு நம்பர் லாட்டரி எடுத்தார். விழவில்லை. அடுத்த முறை என்னையே குற்றவாளிபோலப் பார்த்தார்.

பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இதே நோயில் போய்ச்சேர்ந்த உங்கள் சித்தப்பா கதை வேண்டாம். முருங்கைக்காயைத் தின்றால் போய்விடும், கோமியம் குடித்தால் கரைந்துவிடும் என்ற வைத்தியமும் வேண்டாம். ஊர்க்கதை கொண்டுவாருங்கள். யார் வீட்டில் சண்டை, எந்தக் கோயிலில் தலைவர் தேர்தல், யார் கோழியை யார் பிடித்தார்கள், இவைதான் எங்களுக்குத் தேவை. என் பழைய மாணவி ஒருத்தி வாராவாரம் வந்து, கண்ணீர் ஒரு சொட்டு விடாமல், நகரசபைக் குப்பை லாரி விவகாரத்தை அத்தியாயம் அத்தியாயமாகச் சொன்னாள். அடுத்த அத்தியாயத்துக்காகவே நான் எழுந்து தலை சீவிக்கொண்டேன்.

கடைசியாகப் பணம். ஈப்போவுக்குப் போய்வரும் செலவைப் பார்த்துச் சிகிச்சையை விடுகிறவர்கள் நம்மில் உண்டு. குறைந்த வருமானக்காரர்களின் உடல்நலத்துக்காக 2019-இல் அரசாங்கம் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், தகுதி உள்ளவர்களுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பதற்கு 1,000 ரிங்கிட் ஊக்கத்தொகையும், தீபகற்பத்தில் இருப்பவர்களுக்குப் போக்குவரத்துக்கு 500 ரிங்கிட் வரையும் வைத்தார்கள். வேலையில் இருந்தவர்கள் சொக்சோவிலும், அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்திலும், கேளுங்கள். மருத்துவமனையில் சமூகநல அதிகாரி இருப்பார், வெட்கப்படாமல் அவர் கதவைத் தட்டுங்கள். எழுதத் தெரியாதவர்கள் படிவத்தை என்னிடம் கொண்டுவரலாம். ஞாயிறு காலை வீட்டில்தான் இருப்பேன். என் கணவர் பாத்திரம் கழுவி முடித்ததும் உங்களுக்குத் தேநீரும் போடுவார்.