“அவ புள்ள அழுதா எனக்குத் தூக்கம் வராதுடா”

(மூணாறில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

பெரியவர்களே, அக்காமாரே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

போன தடவை நான் இங்கே பேசி முடித்ததும் ஓர் அம்மா எழுந்தார்கள். “தம்பி, நீ சாமி இல்லேங்கிற. சரி, இருக்கட்டும். சாமி இல்லேன்னா நம்ம உசிருக்கு என்னப்பா மதிப்பு? கொழுந்து மாதிரி கிள்ளிப் போட்டுட்டுப் போக வேண்டியதுதானா?” என்று கேட்டார்கள். கடைசி ஜீப் கிளம்புகிற நேரம். ஏதோ இரண்டு வார்த்தை சொல்லி முடித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என் கூடவே வந்துவிட்டது. இன்றைக்கு வந்திருப்பது அதற்காகத்தான்.

என் அம்மாவிலிருந்து தொடங்குகிறேன். லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். அடுத்த வீட்டு அக்கா பிள்ளை பெற்றுக் காய்ச்சலில் கிடந்த நாட்களில், அம்மா பகலெல்லாம் காட்டில் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, ராத்திரி அந்தப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மாரியம்மனைக் கும்பிடாமல் வீட்டைவிட்டு இறங்காதவள் அவள். “ஆத்தா புண்ணியம் தருவான்னுதானே செய்யுற?” என்று ஒருநாள் கேட்டேன். “என்னத்தப் புண்ணியம்? அவ புள்ள அழுதா எனக்குத் தூக்கம் வராதுடா” என்றாள்.

அம்மாவின் சாமியை நான் எடுத்துக்கொள்ளவில்லை. இந்தப் பதிலை எடுத்துக்கொண்டேன். மாரியம்மனைக் கேட்டுவிட்டா அவள் அந்தப் பிள்ளையைத் தூக்கினாள்? அழுகை கேட்டது, தூக்கினாள்.

கிரேக்கத்தில் சாக்ரடீஸ் கேட்டதாக ஒரு பழைய கேள்வி உண்டு: தேவர்கள் விரும்புவதால் ஒன்று புனிதமாகிறதா, புனிதமாக இருப்பதால் தேவர்கள் விரும்புகிறார்களா? இதையே உயிருக்கும் கேட்டுப் பாருங்கள். கடவுள் சொன்னதால்தான் உயிருக்கு மதிப்பு என்றால், அவர் நாளைக்கு மாற்றிச் சொன்னால் உங்கள் பிள்ளை செல்லாக் காசாகிவிடுமா? பக்தியுள்ள எந்தத் தாயும் இதற்குச் சம்மதிக்க மாட்டாள். அப்படியானால் அந்த மதிப்பு முன்பே அங்கே இருக்கிறது.

இதே கேரளத்தில், 1917இல், வைப்பின் பக்கம் செறாயியில் அய்யப்பன் என்ற இளைஞர், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட புலையர்களோடு உட்கார்ந்து சாப்பிட ஒரு பந்தி நடத்தினார். சொந்தச் சாதியே அவரை விலக்கியது. ‘புலையன் அய்யப்பன்’ என்று ஏசினார்கள். அதையே பெருமையாக ஏற்றுக்கொண்டார். பின்னாளில் சகோதரன் அய்யப்பன் என்று நாடறிந்தவர் அவர்தான். அவருடைய குரு நாராயண குரு, மனிதனுக்கு ஒரு சாதி, ஒரு மதம், ஒரு தெய்வம் என்றார். சீடரோ சாதி வேண்டாம், மதம் வேண்டாம், தெய்வம் வேண்டாம் மனிதனுக்கு என்று மாற்றினார். அதற்காகக் குரு அவரைத் தள்ளிவைக்கவில்லை. எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். தெய்வம் பற்றி இருவருக்கும் இரண்டு கருத்து. பக்கத்தில் யாரை உட்காரவைத்து இலை போடுவது என்பதில் ஒரே கருத்து.

ஆந்திராவில் கோரா என்கிற கோபராஜு ராமச்சந்திர ராவ், 1940இல் நாத்திக மையம் தொடங்கியவர். தன் மகளுக்குத் தலித் இளைஞர் ஒருவரை மணம் முடிக்க முன்வந்தபோது காந்தியே நடத்திவைக்கச் சம்மதித்தார். ‘கடவுளின் பெயரால்’ என்பதற்குப் பதில் ‘சத்தியத்தின் பெயரால்’ என்று சொல்லவும் ஒப்புக்கொண்டார். 1948இல் சேவாகிராமத்தில் கல்யாணம் நடந்தபோது காந்தி உயிரோடு இல்லை.

கடவுளை மறுத்துவிட்டாலே மனிதன் நல்லவனாகிவிடுவான் என்று சொல்ல மாட்டேன். ஸ்டாலின் ஆட்சி கடவுளையும் மறுத்தது, லட்சக்கணக்கான மனிதர்களையும் அழித்தது. அடுத்தவன் வீட்டு அழுகை காதில் விழாதவன் கோயிலுக்குப் போனாலும் ஒன்றுதான், போகாவிட்டாலும் ஒன்றுதான்.

அப்புறம், நம்ம மூணாறு மலையில் பெட்டிமுடியில் நடந்த நிலச்சரிவு. பேசக் கஷ்டமாக இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி. கரண்ட் இல்லை, போன் இல்லை. செய்தி வெளியே போவதற்குள் விடிந்துவிட்டது. லயங்களோடு 70 பேர் மண்ணுக்குள் போனார்கள். பலருக்குக் கயத்தாறுதான் பூர்வீகம். இனி உயிரோடு யாரும் கிடைக்க மாட்டார்கள் என்று தெரிந்த பிறகும் எத்தனை நாள் தேடினார்கள்! மண்ணைக் கிளறினார்கள், ஆற்றில் மைல் கணக்கில் இறங்கினார்கள். தோண்டியவர்களில் கும்பிடுகிறவர் உண்டு, தொழுகிறவர் உண்டு, ஜெபிக்கிறவர் உண்டு, என்னைப் போன்றவர்களும் உண்டு. எந்தப் பிள்ளை எந்தச் சாமியின் பிள்ளை என்று அந்தச் சேற்றில் யார் கேட்டார்கள்?

“போனவங்க சாமிகிட்ட இருக்காங்க” என்று சொல்லிக்கொள்ள உங்களுக்கு ஒரு வார்த்தை இருக்கிறது. அந்த ஆறுதலைப் பறிக்க எனக்கு மனமில்லை. எனக்கு அது கிடையாது. மறுபடி எங்கேயும் பார்க்க முடியாது என்று நம்புகிறவனுக்கு, போன ஒவ்வொருவரும் முழுசாகப் போய்விட்டார்கள். அதனாலேயே இருக்கிறவர்களை விட்டுவிடப் பயமாக இருக்கிறது. மழைக்காலம் வந்தால் எந்த லயத்துக்கு மேலே சரிவு இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது.

66 பேரின் உடல் கிடைத்தது. 4 பேர் கிடைக்கவே இல்லை. அரசாங்கத் தேடல் நின்ற பிறகும் சொந்தக்காரர்கள் ஆற்றங்கரையில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குக் கேள்வி கேட்ட அம்மா வந்திருக்கிறீர்களா? வந்திருந்தால் மேலே வாருங்கள். இனி நீங்கள் பேசுங்கள், நான் கேட்கிறேன்.