சிறைக்கூடத்துக்கு வந்த மாலை

அவையோர்க்கு வணக்கம்.

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான பார்படாஸ் என்றதும் நம்மில் பலருக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். கேரி சோபர்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்று யாரும் வீட்டுக்குப் போக முடியாது. நான் பேச வந்தது அந்த நாட்டு அருங்காட்சியகத்தைப் பற்றி.

நாடே 430 சதுர கிலோமீட்டர்தான். தலைநகர் பிரிட்ஜ்டவுனை ஒட்டி ஆங்கிலேயப் படைமுகாம் ஒன்று இருந்தது. அங்கே ராணுவச் சிறையாக இருந்த கட்டடத்தில்தான் அருங்காட்சியகம் நடக்கிறது. கைதிகளை அடைத்த இடத்தில் இன்று தோட்ட முதலாளி வீட்டுக் கட்டிலும் மேசையும் பீங்கானும். அதில் வியப்பில்லை. உடைமை இருந்தவன் பொருள்தானே மிஞ்சும்? 1627இல் ஆங்கிலேயர் குடியேறினார்கள். பிறகு தீவெங்கும் கரும்பு. அதை வெட்ட ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகள். அவர்களை அடக்கி ஆள 1661இல் தனிச் சட்டமே போட்டார்கள். தானே இன்னொருவனின் உடைமையாக இருந்தவன் எதை விட்டுப் போவான்?

விட்டுப் போயிருக்கிறான், ஐயா! நியூட்டன் என்று ஒரு கரும்புத் தோட்டம். அங்கிருந்த அடிமைகளின் இடுகாட்டை 1970களின் தொடக்கத்தில் ஜெரோம் ஹேண்ட்லர், ஃபிரெடரிக் லாங்கே என்ற ஆய்வாளர்கள் தோண்டினார்கள். ஒரு குழியில் வயதான ஆண். இடுப்பருகே ஆப்பிரிக்காவில் செய்த மண் புகைக்குழாய். கழுத்தில் மாலை: சோழிகள், துளையிட்ட நாய்ப்பற்கள், மீனின் முதுகெலும்புத் துண்டுகள், கண்ணாடி மணிகள், நடுவே சூதுபவளம் என்ற செந்நிறக் கல்லில் செய்த ஒரு பெரிய மணி. கொடுமணல், கீழடிச் செய்திகளில் படித்திருப்பீர்களே, அதே கல்தான். இது குஜராத்தின் கம்பாத்தில் செய்ததாக இருக்கலாம் என்கிறார்கள். எத்தனை கை மாறி, எந்தக் கடல் வழியே அந்தத் தீவுக்குப் போனதோ!

அவர் ஒரு வைத்தியராகவோ மந்திரவாதியாகவோ இருந்திருப்பார் என்பது ஆய்வாளர் ஊகம். எனக்குப் படுவது வேறு. மாலையைக் கழற்றி வைத்துக்கொள்ளாமல், அவரோடேயே புதைத்தார்களே, அந்த ஏழைகள் அவர்மேல் வைத்த மதிப்புக்கு வேறு சாட்சி வேண்டாம். அருங்காட்சியகத்தில் உள்ள முதலாளியின் பீங்கான் முழுவதையும்விட, அங்கே வந்து சேர்ந்த இந்த ஒரு மாலைதான் எனக்குப் பெரிது.

அவர் பெயரென்ன என்று கேட்பீர்கள். நியூட்டன் தோட்டத்துக் கணக்குகள் லண்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அடிமைகளின் பெயர்ப் பட்டியல்கள்கூட உண்டு. ஆனால் இடுகாட்டில் பெயர் பொறித்த கல் ஒன்றுகூட இல்லை. எலும்பு பார்படாஸில், பெயர் லண்டனில். எந்தப் பெயர் எந்தக் குழிக்குரியது என்று சொல்ல இன்று யாராலும் முடியாது.