கள்ளுக்கடையும் கூலிக் கோரிக்கையும்

நேயர்களுக்கு வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்த தொழிலாளர் உரிமைக் கலந்துரையாடல் ஒன்றுக்கு என் பெரியப்பாவை அழைத்துச் சென்றிருந்தேன். தோட்டத் தொழிற்சங்கத்தில் நெடுங்காலம் கிளைச் செயலாளராகவும், அதே தோட்டத்து மாரியம்மன் கோயில் நிருவாகத்தில் பொருளாளராகவும் இருந்தவர் அவர். குடியை ஒழிக்காமல் கூலியை உயர்த்திப் பயனில்லை என்று அவர் எழுந்து சொன்னபோது, மேடையில் இருந்த இடதுசாரி இளைஞர் ஒருவர், “ஐயா ஏழையின் ஒழுக்கத்தைப் பேசுகிறார், நாங்கள் முதலாளியின் சுரண்டலைப் பேசுகிறோம்” என்றார். இரண்டும் வேறு வேறு என்று அந்தத் தம்பிக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

1941ஆம் ஆண்டு, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மலாயாவின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள், சீனத் தொழிலாளருக்கு இணையான கூலியைக் கேட்டதோடு நிற்கவில்லை. வெள்ளைக்காரத் தோட்ட நிருவாகியான துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். அவர்களை வழிநடத்திய ஆர்.எச். நாதன் கைதுசெய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். போருக்குப் பின் கெடாவில் ஏ.எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்து கள்ளுக்கடைகளை எதிர்த்தது; 1947இல் அதற்கும் போலீசாருக்கும் மோதல் மூண்டது. கள் எதிர்ப்பு வெறும் ஒழுக்கப் பிரசாரமாக இருந்திருந்தால் அன்றைய ஆட்சி அதைக் கண்டு இவ்வளவு கலங்கியிருக்க வேண்டியதில்லை. காலையில் வாங்கிய சம்பளம் மாலைக்குள் தோட்டத்துக் கள்ளுக்கடையில் கரைந்தது. குடித்துக் கிடந்தவன் மறுநாள் எப்படியோ பிரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து நின்றுவிடுவான், சங்கக் கூட்டத்துக்குத்தான் வரமாட்டான்.

ஒழுக்கத்தையும் உரிமையையும் சேர்த்துப் பேசுவோருக்கும் இடதுசாரிகளுக்கும் இடையிலான இந்த மனத்தாங்கல் நமக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் முன்னோடியான கீர் ஹார்டி, சுரங்கத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கி, மதுவிலக்கு இயக்கத்திலும் கிறித்துவப் பிரசங்கத்திலும் பேசப் பழகியவர். அதே நாட்டில் இன்று, தீயணைப்பு வீரரும் தொழிற்சங்கவாதியுமான பால் எம்பெரி, குடும்பம், ஊர், நாடு என்று பேசுவதால் இடதுசாரித் தோழர்கள் பலரோடு முரண்பட்டு நிற்கிறார்.

நியாயம் முழுவதும் பெரியப்பாவின் பக்கமே என்று நான் சொல்ல வரவில்லை. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டபோது, மலேசிய சோசலிசக் கட்சியினர் அம்மக்களோடு நின்றதை அவரே ஒப்புக்கொள்வார், சற்றுத் தாமதமாக.

அன்று கூட்டம் முடிந்து தேநீர் வேளையில் அந்த இளைஞர் தேடி வந்து, உங்கள் தோட்டத்தில் கள்ளுக்கடை மறியலை எப்படி நடத்தினீர்கள் என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். பெரியப்பா முகம் மலர்ந்து, சம்பள நாளன்று பெண்களைக் கடை வாசலில் முன்வரிசையில் உட்கார வைத்ததையும், ஆண்கள் தலைகுனிந்து திரும்பியதையும் விவரித்தார்.

“அந்தப் பெண்களில் எத்தனை பேர் உங்கள் சங்கக் கமிட்டியில் இருந்தார்கள், ஐயா?”

பெரியப்பா கோப்பையை மேசையில் வைத்தார். பதில் வரச் சற்று நேரமாயிற்று.

“அவர்களை நாங்கள் கேட்டதே இல்லை, தம்பி.”

வணக்கம்.