கண்ணாடி தேய்த்த மாலைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

“கணக்குப் படித்த நீங்கள் கண்ணாடிப் பட்டறையில் என்ன செய்கிறீர்கள்?” புதிதாகப் பழகுகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். 11 ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். இப்போது லென்சுகளும் தொலைநோக்கி ஆடிகளும் செய்கிற பட்டறையில், செய்து முடித்தவற்றைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. ஒரு பொழுதுபோக்குதான் என்னை அங்கிருந்து இங்கே கொண்டுவந்து சேர்த்தது.

பொழுதுபோக்கு என்ற சொல் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். பொழுது தானாகவே போய்விடும், யாரும் போக்க வேண்டியதில்லை. போன பொழுதில் கொஞ்சத்தைத் திரும்பக் கொண்டுவந்தது என்றுதான் நான் அதைச் சொல்வேன்.

கணக்குப் பிரிவில் இருந்த நாட்களில், வேலை முடிந்து வந்ததும் தொலைநோக்கிக்கு ஆடி செய்ய மேசைமேல் கண்ணாடி வட்டு ஒன்றைப் பொருத்துவேன். கண்ணாடியைத் தேய்க்கும் கார்போரண்டம் என்ற கடினமான தூளை ஈரமாகத் தூவி, அதே அளவுள்ள இன்னொரு வட்டை மேலே வைத்து முன்னும் பின்னும் தேய்ப்பேன். அவ்வப்போது மேல் வட்டைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். நாமும் மேசையைச் சுற்றி ஓர் அடி நகர வேண்டும். இப்படியே தேய்த்துக்கொண்டிருந்தால் மேல் வட்டு குழியும், கீழ் வட்டு புடைக்கும். இயந்திரமே தேவையில்லை. முதலில் கரகரவென்று கேட்கும். தூள் நைய நைய அந்தச் சத்தம் அடங்கிவிடும். புதுத் தூள் போட வேண்டிய நேரம் கைக்கு முன்னால் காதுக்குத் தெரியும். நான் எடுத்துக்கொண்ட 6 அங்குல வட்டில், நடுவில் விழ வேண்டிய குழி 1 மில்லிமீட்டரைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அதற்கே பல மாலைகள் ஆயின.

அப்புறம் மெருகேற்ற வேண்டும், சோதிக்க வேண்டும். 1858-இல் பிரெஞ்சு அறிவியலாளர் லெயோன் ஃபூக்கோ சொன்ன சோதனைக்கு ஒரு சின்ன ஒளிப்புள்ளியும் ஒரு சவர பிளேடும் போதும். ஆடியில் பட்டுத் திரும்பும் ஒளியின் குறுக்கே பிளேடை மெல்ல நகர்த்தினால், ஆடியின் பரப்பு மேடும் பள்ளமுமாகக் கண்முன் எழும். ஒருநாள் ஆடியின்மேல் விரலை அரை நிமிடம் வைத்து எடுத்துவிட்டுப் பார்த்தேன். விரல் பட்ட இடத்தில் ஒரு மேடு! உடல் சூட்டில் கண்ணாடி அவ்வளவு வீங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மெல்ல அமுங்கியது. கண்ணாடியைக் கெட்டியான பொருள் என்று நினைத்த எனக்கு, அது மூச்சுவிடுகிற மாதிரி இருந்தது. வீட்டில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

இப்படித் தேய்த்தவர்களில் வில்லியம் ஹெர்ஷலை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவர் தொழிலால் இசைக்கலைஞர். இங்கிலாந்தின் பாத் நகரத்துத் தேவாலயம் ஒன்றில் ஆர்கன் வாசித்தார், மாணவர்களுக்கு இசை சொல்லிக்கொடுத்தார். மிச்ச நேரத்தில் செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோக ஆடிகளை வீட்டிலேயே வார்த்துத் தேய்த்தார். ஒருமுறை 16 மணி நேரம் ஆடியிலிருந்து கையை எடுக்காமல் மெருகேற்றினாராம். தங்கை கரோலின் பக்கத்தில் இருந்து வாயில் உணவு ஊட்டியிருக்கிறார். 1781 மார்ச் 13 இரவு, 6 அங்குலத்துக்குச் சற்று அதிகமான ஆடி வைத்த தொலைநோக்கியில் அவர் கண்டதுதான் யுரேனஸ். அப்போது அவருக்கு வயது 42. மறு ஆண்டு அரசர் ஆண்டுக்கு 200 பவுண்டு ஊதியம் தர, இசைத் தொழிலை விட்டார். பாடகியான கரோலினும் பின்னர் 8 வால்மீன்களைக் கண்டுபிடித்தார். உணவு ஊட்டியவர் என்று மட்டும் அவரை நினைவில் வைப்பது நியாயமில்லை.

வேலையை விட்டால்தான் ஆயிற்று என்பதில்லை. ஐராவதம் மகாதேவன் இந்திய ஆட்சிப் பணியில் இருந்துகொண்டே தமிழ் பிராமிக் கல்வெட்டுகளை ஆராய்ந்தார். சிந்துவெளி எழுத்துகளின் தொகுப்பு நூல் 1977-இல் வந்தபோதும் அவர் பணியில்தான் இருந்தார். விருப்ப ஓய்வு பெற்றது 1980-இல். பிடித்ததற்காக வேலையை நாளைக்கே உதறிவிடு என்று இளைஞர்களிடம் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்ததால்தான் என் முதல் ஆடியை அவசரப்படாமல் தேய்க்க முடிந்தது. மூன்று முறை தவறாகி, மூன்று முறை முதலிலிருந்து தேய்த்தேன். அதை நம்பிச் சாப்பிட வேண்டியிருந்தால் முதல் தவறிலேயே ஓடியிருப்பேன்.

வேலை மாறுவதும் எளிதாக இல்லை. ஓர் இடத்தில் என் பட்டத்தைப் பார்த்ததும் விண்ணப்பத்தை மூடிவைத்துவிட்டார்கள். அன்று மனம் மிகவும் வலித்தது. இன்னோர் இடத்தில் என் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். எந்த நாள், எந்தத் தூள், எவ்வளவு நேரம், சோதனையில் என்ன தெரிந்தது என்று ஒரு மாலைகூட விடாமல் எழுதியிருந்தேன். கணக்குப் பிரிவு கொடுத்த பழக்கம் அது. அந்த நோட்டுக்காகத்தான் வேலை கொடுத்தேன் என்று பட்டறைத் தலைவர் பிறகு சொன்னார். சம்பளம் முன்பைவிடக் குறைவு. வீட்டில் பேசி, சம்மதம் வாங்கித்தான் சேர்ந்தேன்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, வீட்டில் பாதி மெருகேற்றிய ஆடி துணி போர்த்தியபடி கிடந்தது. பகலெல்லாம் ஆடிகளோடு இருந்துவிட்டு, மாலையில் அதைத் தொட மனம் வரவில்லை. பிடித்தது தொழிலானதில் எனக்கு வருத்தமில்லை, இன்றும் காலையில் பட்டறைக் கதவைத் திறக்கும்போது மகிழ்ச்சிதான். ஆனால் மாலைகள் காலியாகிவிட்டன. பழைய கணக்குப் பிரிவு நாட்களின் களைப்பு மறுபடி எட்டிப் பார்த்தது.

சரி என்று ஒரு புல்லாங்குழல் வாங்கினேன். முதல் மாதம் வெறும் காற்றுதான் வந்தது. குழலின் வாயை உதட்டுக்குக் கீழே மயிரிழை உருட்டினால் ஒரு ஒலி பிறக்கும், அடுத்த மூச்சில் தொலைந்துபோகும். ஏழு மாதமாகிறது. இப்போது ச-வில் தொடங்கி மேலே போய்விடுவேன், இறங்கி வருவதுதான் இன்னும் சிரமம். தினமும் அரை மணி நேரம் வாசிக்கிறேன். அந்த அரை மணி நேரத்துக்கு மட்டும் நான் நோட்டுப் போடுவதில்லை.

வணக்கம்.