எட்டு அவுட் பாக்கி: பியோரியாவுல இருந்து பேசுறேன்

வணக்கம் மக்களே! காத்து சத்தம் வருதா? மைக்ல பஞ்சு மாட்டிதான் வச்சிருக்கேன், இருந்தாலும் கொஞ்சம் வரும், பொறுத்துக்கோங்க. நான் இப்ப அரிசோனால பியோரியாங்கற ஊர்ல இருக்கேன், ஃபீனிக்ஸுக்கு வடமேற்கு பக்கம். பின்னாடி தெரியுற பச்சை மைதானத்துலதான் நம்ம பேஸ்பால் டீம் சியாட்டல் மேரினர்ஸ் ஸ்ப்ரிங் ட்ரெய்னிங் பண்றாங்க. ரெண்டு நாள் முன்னாடி சியாட்டல்ல கிளம்பும்போது மழை, ஜாக்கெட், இருட்டு வானம். இங்க வந்து இறங்கினா பளீர்னு வெயில், கண்ணே கூசுது. என் பொண்ணு வெளிய வந்த உடனே "அம்மா, இங்கயே இருந்துடலாமா"ன்னு கேட்டுட்டா.

புதுசா சேனலுக்கு வந்தவங்களுக்காக ஒரு நிமிஷம் சொல்லிடறேன். நம்மூர் கிரிக்கெட்ல டூர் போற டீம் டெஸ்டுக்கு முன்னாடி ஒரு ப்ராக்டிஸ் மேட்ச் ஆடுவாங்கல்ல, அத அப்படியே ஒரு மாசத்துக்கு மேல இழுத்தா எப்படி இருக்கும், அதுதான் ஸ்ப்ரிங் ட்ரெய்னிங். பிப்ரவரி நடுவுல முதல்ல பந்து போடற பிட்சர்களும், கீப்பர் மாதிரி அத புடிக்கற கேட்சர்களும் வந்துடுவாங்க, அப்புறம் மத்தவங்க, மார்ச் கடைசில நிஜமான சீசன். மொத்தம் 30 டீம், அதுல 15 டீம் இங்க அரிசோனால, 15 டீம் ஃப்ளோரிடால. இந்த பியோரியா காம்ப்ளெக்ஸ 1994ல இருந்து மேரினர்ஸும் சான் டியேகோ பாத்ரேஸும் ரெண்டு பேரும் பங்கு போட்டு வச்சிருக்காங்க. இங்க ஜெயிச்சாலும் தோத்தாலும் கணக்குல வராது.

கணக்குல வராத மேட்ச்சுக்கு எதுக்கு ஃப்ளைட் புடிச்சு வந்தேன்னு என் தங்கச்சி கேட்டா. அதுக்கு பதில் சொல்லணும்னா போன தீபாவளிய பத்தி சொல்லணும்.

2025 அக்டோபர் 20, தீபாவளி. சியாட்டல்ல நமக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேட்ச். டொரோன்டோல, ப்ளூ ஜேஸ் கூட கடைசி, ஏழாவது மேட்ச், ஜெயிச்சா வேர்ல்ட் சீரிஸ், அதாவது சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற ஃபைனல். மேரினர்ஸ் ஆரம்பிச்சது 1977ல, அன்னில இருந்து இன்னி வரைக்கும் ஒரு தடவ கூட வேர்ல்ட் சீரிஸ் ஆடினதில்ல. ஜெயிக்கலன்னு சொல்லல, ஆடினதே இல்ல. 30 டீம்ல அப்படி இருக்கற ஒரே டீம் நம்மதுதான். வீட்ல விளக்கு ஏத்தி வச்சிருந்தோம், முறுக்கு பண்ணிருந்தேன், ரெண்டு குடும்பம் வந்திருந்தாங்க, எல்லாரும் பட்டு வேட்டி சேலையோட டிவி முன்னாடி. பேஸ்பால்ல ஒரு மேட்ச்சுக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொண்ணுலயும் ஒரு டீமுக்கு மூணு அவுட். ஏழாவது இன்னிங்ஸ் வரைக்கும் 3-1ன்னு நாமதான் முன்னாடி. ஒரு அவுட் விழுந்துடுச்சு, இன்னும் எட்டு அவுட் எடுத்தா போதும். அவங்க ஆளுங்க ரெண்டு பேர் பேஸ்ல, அதாவது ரன்னுக்கு ஓடற வழில, நிக்கறாங்க, ஜார்ஜ் ஸ்ப்ரிங்கர் பேட் பண்ண வந்தாரு, ஒரே அடி, நம்ம சிக்ஸர் மாதிரி ஹோம்ரன், மூணு ரன். 4-3. அப்படியே முடிஞ்சிடுச்சு. கடைசில நம்ம ஹூலியோ ரோட்ரிகஸ் பந்த அடிக்க முடியாம ஸ்ட்ரைக்அவுட் ஆகி நின்ன அந்த முகம் இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு. கொஞ்ச நேரம் கழிச்சு ஊர்ல இருந்து அம்மா ஃபோன் பண்ணாங்க, அங்க அடுத்த நாள் காலைல ஆயிடுச்சு, "என்னடி நல்ல நாளும் அதுவுமா குரல் இப்படி இருக்கு"ன்னு கேட்டாங்க. எனக்கு சொல்லத் தெரியல.

அந்த எட்டு அவுட்தான் இந்த குளிர்காலம் முழுக்க மனசுல ஓடிட்டு இருந்துச்சு. அதனால இந்த பிப்ரவரி மத்த பிப்ரவரி மாதிரி இல்லங்க. முன்னல்லாம் ஸ்ப்ரிங் ட்ரெய்னிங் வந்தா சந்தோஷம், சும்மா வெயில், புது ஜெர்சி, "இந்த வருஷம் பாப்போம்"னு ஒரு பேச்சு. எதிர்பார்ப்பு பெருசா இல்லாததால பயமும் இல்ல. இப்ப எங்க வரைக்கும் போக முடியும்னு கண்ணால பாத்தாச்சு. அதனால ஒவ்வொரு சின்ன விஷயமும் வயித்த கலக்குது. இதுல இது டீமோட 50வது சீசன் வேற.

சரி, இன்னிக்கு காலைல என்ன பாத்தேன்னு சொல்றேன். பெரிய ஸ்டேடியத்துக்கு பக்கத்துல ப்ராக்டிஸ் மைதானங்க இருக்கு, காலைல அங்க வேலி ஓரமா நின்னு பாத்தோம். பிட்சர்ங்க வரிசையா நின்னு போட்டுட்டு இருந்தாங்க. டிவில பாக்கும்போது அந்த சத்தம் தெரியாதுங்க. பந்து கேட்சரோட க்ளவுஸ்ல விழும்போது பட்டாசு வெடிச்ச மாதிரி பட் பட்னு, ஒருத்தர் முடிக்கறதுக்குள்ள அடுத்தவர். என் பொண்ணு லிட்டில் லீக்ல கேட்சர்தான், அவ கண்ண மூடிட்டு சத்தத்த வச்சே "இது நடுவுல புடிச்சாங்க, இது விரல்ல பட்டுச்சு"ன்னு சொல்லிட்டு நின்னா.

நான் என்ன பாத்தேன் தெரியுமா, தோள். போட்டு முடிச்சு நடந்து வரும்போது தோளை உருட்டுறாங்களா, முழங்கைய தொட்டு பாக்கறாங்களா, ட்ரெய்னர் யாராவது கிட்ட போறாரான்னு. ஏன்னா 2025 மார்ச்ல, இதே ஊர்லதான், ஜார்ஜ் கர்பிக்கு தோள்ல வீக்கம்னு நியூஸ் வந்துச்சு, அவர் திரும்பி வந்தது மே கடைசில. ஏப்ரல்ல லோகன் கில்பர்ட்டுக்கு முன்கைல பிரச்சனை, ஜூன்லதான் வந்தாரு. ப்ரைஸ் மில்லருக்கு முழங்கை, ரெண்டு தடவ காயப்பட்டவங்க லிஸ்ட்ல போயிட்டு வந்தாரு. கடைசில செப்டம்பர்ல ப்ரையன் வூ, அந்த வருஷம் முழுக்க தூணா நின்னவரு, முதல் 25 மேட்ச்லயும் ஆறு இன்னிங்ஸுக்கு குறையாம போட்டவரு, அவருக்கும் நெஞ்சு தசைல பிரச்சனை. அவ்வளவு நடந்தும் 90 மேட்ச் ஜெயிச்சு, 2001க்கு அப்புறம் முதல் தடவையா டிவிஷன், அதாவது நம்ம பிரிவு, ஜெயிச்சோம். நம்ம முக்கிய பிட்சர்ங்க அஞ்சு பேரும் ஒரே நேரத்துல முழு உடம்போட இருந்தா எப்படி இருக்கும்னு நான் யோசிக்காத ராத்திரி இல்ல. டொரோன்டோல முதல் மேட்ச்ல முதல் பந்துலயே ஸ்ப்ரிங்கர் ஹோம்ரன் அடிச்சாரு, அதுக்கு அப்புறம் மில்லர் ஆறு இன்னிங்ஸ் முடியற வரைக்கும் வேற ரன்னே விடல. கை நல்லா இருந்தா இவங்கள அடிக்கறது ரொம்ப கஷ்டம், அத நாங்க பாத்துட்டோம்.

அதனால உங்களுக்கு ஒண்ணு சொல்றேன், ஸ்ப்ரிங் ஸ்கோர்போர்ட பாத்து யாரும் பதறாதீங்க. கமெண்ட்ல போன தடவ ஒருத்தர் "நம்ம பிட்சர் ரெண்டு இன்னிங்ஸ்ல நாலு ரன் குடுத்துட்டாரே"ன்னு கேட்டிருந்தீங்க. இங்க காத்து காய்ஞ்ச காத்துங்க. பந்து சும்மா பறக்கும், கர்வ் பால் வளையற அளவுக்கு வளையாது, தரையும் கெட்டி. நம்ம சியாட்டல் மைதானம் அதுக்கு நேர் எதிரு, கடல் காத்து, குளிர், அடிக்கறவங்களுக்கு நாட்டுலயே கஷ்டமான மைதானம்னு பேரு. அது மட்டும் இல்ல, பிட்சர் இங்க வந்து ஒரே ஒரு பந்த பழகணும்னு முடிவு பண்ணி அதையே திரும்ப திரும்ப போடுவாரு, அடி வாங்கினாலும் போடுவாரு. முதல்ல ஒண்ணு ரெண்டு இன்னிங்ஸ், அப்புறம் மூணு, நாலு, அப்படி கைய மெதுவா ஏத்தி கொண்டு வருவாங்க. வேகம் வருதா, கை வலிக்காம இருக்கா, எனக்கு அது ரெண்டும் போதும்.

இதுக்கு நம்ம டீம்லயே ஒரு நல்ல கதை இருக்கு. 2001, இச்சிரோ ஜப்பான்ல இருந்து புதுசா வந்திருக்காரு, இதே பியோரியா. வர்ற பந்தெல்லாம் இடது பக்கமாவே தட்டி விட்டுட்டு இருந்தாரு. மேனேஜர் லூ பினியெல்லாவுக்கு கவலை வந்துடுச்சு, இவரால வேகமான பந்த வலது பக்கம் இழுத்து அடிக்க முடியுமா முடியாதான்னு. ஒரு நாள் அவர்கிட்டயே கேட்டிருக்காரு. அதுக்கப்புறம் இச்சிரோ வலது பக்கம் ஒரு ஹோம்ரன் அடிச்சிட்டு வந்து, இப்ப சந்தோஷமான்னு கேட்டாராம். அந்த சீசன்ல 242 ஹிட், .350 ஆவரேஜ், அதாவது நூறு தடவைக்கு 35 தடவ ஹிட், அந்த வருஷத்தோட சிறந்த புதுமுகமும் அவர்தான், எம்விபியும், அதாவது லீக்கோட சிறந்த வீரரும், அவர்தான், டீம் 116 மேட்ச் ஜெயிச்சது. போன வருஷம் ஹால் ஆஃப் ஃபேம்லயும் சேர்த்தாச்சு. அந்த மனுஷன் மார்ச்ல பழகிட்டு இருந்தாரு, அவ்வளவுதான், வெளிய இருந்து பாத்தவங்களுக்கு அது குறையா தெரிஞ்சிருக்கு.

இப்ப நம்ம கேட்சர் கால் ராலி. ஐயோ, இவர பத்தி பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன். போன ஸ்ப்ரிங்ல இவர் கூட ஆறு வருஷத்துக்கு 105 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டப்ப நல்ல கேட்சர், நல்லா அடிப்பாருன்னு சந்தோஷப்பட்டோம். 60 ஹோம்ரன் அடிப்பாருன்னு இங்க ஒருத்தர் கூட நினைக்கல. கேட்சர் ஒருத்தர் ஒரு சீசன்ல அடிச்ச அதிகபட்சம் அதுக்கு முன்னாடி 48. கிரிக்கெட் தெரிஞ்சவங்க யோசிச்சு பாருங்க, விக்கெட் கீப்பர் மாதிரி, ஆனா நாள் பூரா குத்துக்கால் போட்டு உக்காந்து, ஒரு மேட்ச்சுக்கு நூத்தம்பது பந்து கிட்ட புடிச்சு, விரல்லயும் தோள்லயும் அடி வாங்கி, அதுக்கு நடுவுல போய் லீக்லயே அதிகமா ஹோம்ரன் அடிக்கறது. 162ல 159 மேட்ச் ஆடினாரு. எம்விபி நூலிழைல யாங்கீஸ் டீமோட ஆரன் ஜட்ஜுக்கு போச்சு, எனக்கு அதுல இன்னமும் வருத்தம்தான்.

அந்த 159 தான் எனக்கு பயமாவும் இருக்கு. முழங்கால் எவ்வளவு தாங்கும்? இதுல மார்ச்ல நாடுகளுக்கு நடுவுல நடக்கற வேர்ல்ட் பேஸ்பால் கிளாசிக் வருது, ராலி அமெரிக்காவுக்கு ஆடறாரு, ஹூலியோ டொமினிக்கன் ரிபப்ளிக்குக்கு. நாட்டுக்காக ஆடறது பெருமைதான், வேண்டாம்னு சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்ல, ஹூலியோ அந்த ஜெர்சி போட்டா அவங்க ஊர்ல எவ்வளவு சந்தோஷப்படுவாங்கன்னு தெரியும். ஆனா 2023ல மெட்ஸ் டீம் பிட்சர் எட்வின் டியாஸ் ஞாபகம் வருது. பியூர்டோ ரிக்கோ ஜெயிச்சாங்க, எல்லாரும் மைதானத்துல குதிச்சு கொண்டாடிட்டு இருக்காங்க, அந்த கொண்டாட்டத்துலயே அவருக்கு முழங்கால் ஜவ்வு அறுந்துடுச்சு, அந்த சீசன் பூரா போச்சு. மெட்ஸ் ரசிகர்களுக்கு அன்னிக்கு எப்படி இருந்திருக்கும்! நான் ராலி ஆடற மேட்ச் எல்லாம் பாப்பேன், கை தட்டுவேன், ஆனா முடியற வரைக்கும் மூச்ச புடிச்சுட்டுதான் உக்காந்திருப்பேன்.

இன்னொரு புது விஷயம், இந்த வருஷத்துல இருந்து பந்து அடிக்கற எல்லைக்குள்ள வந்த ஸ்ட்ரைக்கா, வெளிய போன பாலான்னு அம்பயர் சொன்னத எதிர்த்து கேக்கலாம். நம்ம டிஆர்எஸ் மாதிரியேதான். ஒரு டீமுக்கு ரெண்டு சான்ஸ், சரியா கேட்டா அந்த சான்ஸ் அப்படியே கைல இருக்கும். பேட்டர், பிட்சர், கேட்சர் மூணு பேர்ல ஒருத்தர் உடனே தலைய தட்டி கேக்கணும், வெளிய உக்காந்திருக்கறவங்கள பாத்து சைகை வாங்க கூடாது. இதுல கேட்சர்தான் பந்த நல்லா பாக்கற இடத்துல இருக்காரு, ராலி மாதிரி ஒருத்தர் இருந்தா நமக்கு நல்லதுன்னு நினைக்கறேன். ஆனா ஓரத்துல வந்த பந்த நைசா புடிச்சு ஸ்ட்ரைக் வாங்கற கலை அவருக்கு கைவந்தது, எதிர் டீமும் அத எதிர்த்து கேக்கலாமே, அதுல கொஞ்சம் போகும். என் பொண்ணு நேத்தில இருந்து நான் எது சொன்னாலும் தலைய தட்டிட்டு இருக்கா.

ஜாஷ் நேய்லர் திரும்ப வந்தது எனக்கு பெரிய நிம்மதி, அஞ்சு வருஷம், 92.5 மில்லியன். போன ஜூலைல இங்க வந்தாரு, ஓட்டத்துல லீக்லயே ரொம்ப மெதுவானவங்கள்ல ஒருத்தர், ஆனா நம்ம டீமுக்கு வந்து ஆடின ரெண்டு மாசத்துல 19 தடவ பேஸ் திருடினாரு, அதாவது பிட்சர் பந்து போடற நேரம் பாத்து அடுத்த பேஸுக்கு ஓடிட்டாரு, ஒரு தடவ கூட மாட்டல. பிட்சரோட உடம்பு எப்ப அசையுதுன்னு படிச்சு வச்சிருக்காரு. அந்த மூளை டீம்ல இருக்கணும். ஆனா ஹோர்ஹே பொலாங்கோ மெட்ஸுக்கு போயிட்டாரு, அது வலிக்குது. ப்ளேஆஃப்ல டெட்ராய்ட் கூட 15 இன்னிங்ஸ் போன அந்த அஞ்சாவது மேட்ச், கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம், அவங்க பிட்சர் ஸ்குபல் 13 பேர ஸ்ட்ரைக்அவுட் பண்ணியும் நாம விடாம நின்னு, கடைசில பொலாங்கோ அடிச்ச அந்த ஹிட்டுலதான ஜெயிச்சோம். போன இடத்துல நல்லா இருக்கட்டும்.

ஹூலியோ ஏப்ரல்ல மெதுவாதான் ஆரம்பிப்பாரு, வருஷா வருஷம் அப்படித்தான், அப்ப யாரும் கமெண்ட்ல அவர திட்ட வேண்டாம், இப்பவே கேட்டுக்கறேன். 2023 ஆகஸ்ட்ல நாலு மேட்ச்ல 17 ஹிட் அடிச்ச ஆளு அவரு.

சரி மக்களே, கேட் தொறக்கற நேரம் ஆச்சு. இங்க வரணும்னு நினைக்கறவங்களுக்கு, தொப்பி கண்டிப்பா, தண்ணி பாட்டில் கண்டிப்பா, அவுட்ஃபீல்டுக்கு பின்னாடி புல் மேடு இருக்கு, அதுல டிக்கெட் எடுத்துட்டு ஒரு பெட்ஷீட் விரிச்சு உக்காந்துடுங்க, குழந்தைங்களுக்கு ஓடி விளையாட இடம் இருக்கும். நானும் அங்கதான் உக்கார போறேன். இதோ என் பொண்ணு, ராலியோட 29ஆம் நம்பர் ஜெர்சிய போட்டுட்டு க்ளவுஸோட ரெடியா நிக்கறா. நாளைக்கு காலைல மறுபடியும் அந்த வேலி ஓரம் போறோம், பிட்சர்ங்க எப்படி நடந்து வர்றாங்கன்னு பாத்துட்டு வந்து சொல்றேன்.

இருடி, வந்துட்டேன். பை மக்களே!