பேசாத பிள்ளைக்கும் வலிக்கும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நேயர்களுக்கு வணக்கம். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீட்டுக்கே போய் இயன்முறைப் பயிற்சி கொடுப்பது என் வேலை.

பென்னாகரம் பக்கம் ஒரு வீடு. அப்பா, அம்மா இருவருக்கும் பெங்களூரில் கட்டட வேலை. ஒன்பது வயதுப் பையன் பாட்டியோடு இருக்கிறான். மூளை முடக்குவாதம், அதாவது மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடம்பின் அசைவு கட்டுக்குள் வராத நிலை. பேச்சும் வராது. "நாலு மாசமா ராத்திரியானா அழறான் சார். பிடிவாதம் ஜாஸ்தியாயிடுச்சு" என்றார் பாட்டி. டிரவுசர் மாட்டும்போதும் அழுவானா என்று கேட்டேன். "காலை அகட்டினா போதும், கத்துவான்." இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். தொடை எலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்தை விட்டு விலகியிருந்தது. முந்தைய மாதங்களில் நானும் அதே காலைப் பிடித்துப் பயிற்சி கொடுத்தவன்தான். கேட்கத் தவறியது இன்னும் உறுத்துகிறது.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்கு ஏதோ ஒரு வலி இருக்கிறது. மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு விலகுகிறது. அப்புறம் தசை இறுக்கம், மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், சொத்தைப் பல். நாங்கள் கொடுக்கும் பயிற்சியேகூட வலிக்கலாம்.

பேசாத பிள்ளையின் வலியை எப்படித் தெரிந்துகொள்வது? மருத்துவர்கள் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள்: முகம், கால், உடம்பின் அசைவு, அழுகை, தூக்கிச் சமாதானம் செய்தால் அடங்குகிறதா என்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். ஆனால் வலித்தால் சிரிக்கிற பிள்ளையும் உண்டு, அப்படியே உறைந்துபோகிற பிள்ளையும் உண்டு. அது வளர்க்கிறவருக்குத்தான் தெரியும். அதனால் பாட்டியின் சொல்லை நான் எந்தக் கருவிக்கும் குறைவாக நினைப்பதில்லை.

2007இல் ஐரோப்பாவில் ஓர் ஆய்வு வெளியானது. மூளை முடக்குவாதம் உள்ள, 8 முதல் 12 வயது வரையிலான 500 பிள்ளைகள் தாங்களே பதில் சொன்னார்கள். பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே தங்கள் வாழ்க்கை இருப்பதாகச் சொன்னார்கள். வலி இருந்தவர்களுக்கோ மனநிலை, நட்பு, பள்ளி என்று எல்லாமே சரிந்திருந்தது. 'ஐயோ, இப்படிப் பிறந்துவிட்டதே' என்று நாம் எதற்கோ அழுகிறோம். பிள்ளை அழுவது வேறொன்றுக்கு.

பேசத் தெரிந்த பிள்ளைகளையும் விட்டுவிடக் கூடாது. விளையாட்டுக்குப் போகாமல் ஒதுங்கினால், தூக்கம் கெட்டால், முதலில் வலி இருக்கிறதா என்று கேளுங்கள். மனம் சோர்ந்திருந்தால் 14416 என்ற இலவச எண்ணில் பேசலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். வருகிறவரிடம் ராத்திரி அழுகையையும் சொல்லுங்கள்.

அந்தப் பாட்டிக்கு எழுதத் தெரியாது. பையன் அழுத ராத்திரிகளுக்கு நாள்காட்டியில் அடுப்புக் கரியால் ஒரு கோடு போட்டு வைத்தார். போன மாதம் மருத்துவரிடம் அதையே எடுத்துப் போனோம். அவர் எக்ஸ்ரேவைப் பார்த்துவிட்டு, கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.