பழைய எண்

அவையோருக்கு வணக்கம்.

நுரையீரலைச் சோதிக்க ஸ்பைரோமீட்டர் என்று ஒரு கருவி உண்டு. மூக்கைக் கிளிப் போட்டு அடைத்து, மூச்சை முழுக்க இழுத்து, குழாயில் வாய் வைத்து ஒரே மூச்சில் ஊத வேண்டும். "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்லிக்கொண்டே இருப்பார். முதல் விநாடியில் எவ்வளவு காற்று வெளியே வந்தது என்பதுதான் முக்கியம். நியூயார்க் தீயணைப்புத் துறை 2001-க்கு முன்பிருந்தே தன் வீரர்களை இப்படி ஊத வைத்து, வந்த எண்ணைக் குறித்து வைத்தது. இன்று நான் பேச வந்ததே அந்த எண்ணைப் பற்றித்தான்.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 110 மாடிக் கோபுரங்கள் இரண்டும் இடிந்தன. சிமென்ட், ஜிப்சம், கண்ணாடி இழை, கல்நார், ஈயம் எல்லாம் மாவாகித் தெருவெங்கும் படிந்தன. சுண்ணாம்பு போல அரிக்கும் காரத் தூசி அது. தொண்டையையும் மூச்சுக்குழாயையும் புண்ணாக்கியது. இடிபாட்டுக்கு அடியில் தீ டிசம்பர் வரை கனன்றது. முதல் நாட்களில் பலருக்கு முகக்கவசமே இல்லை. வந்த பிறகும், புழுக்கம் தாங்காமல், பேச முடியாமல் கழற்றி வைத்தவர்கள் உண்டு. கூட்டாளியின் உடலைத் தேடிக்கொண்டிருந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரே வாரத்தில், செப்டம்பர் 18 அன்று, காற்றைச் சுவாசிக்கலாம், ஆபத்தில்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் அறிவித்தாரே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை. அப்படிப் பொத்தாம் பொதுவாகச் சொல்ல முகமையிடம் போதிய தரவு இல்லை என்று, 2003-இல் அதன் தலைமை ஆய்வாளர் அறிக்கையே சொன்னது.

வீரர்கள் மறுபடி ஊதினார்கள். முதல் ஆண்டிலேயே அந்த முதல் விநாடிக் காற்று சராசரியாக 372 மில்லிலிட்டர் குறைந்திருந்தது. வயதானால் எல்லோருக்கும் குறையும்தான். ஆனால் இவ்வளவு குறைய 12 ஆண்டு ஆகும். பழைய எண் கையில் இருந்ததால், "உனக்கு முன்னாடியே இருமல் இருந்திருக்கும்" என்று யாரும் தட்டிக்கழிக்க முடியவில்லை.

பக்கத்துத் தெருக்களில் குடியிருந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஈரத்துணியால் வீட்டைத் துடையுங்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். ஜன்னல் விளிம்பு, அலமாரி, தொட்டில் எல்லாவற்றையும் அவர்களே துடைத்தார்கள். சில தெரு தள்ளியிருந்த ஸ்டைவசன்ட் பள்ளிக்கு அக்டோபர் 9-லேயே மாணவர்கள் திரும்பினார்கள். இவர்களை யார் முன்கூட்டி ஊத வைத்தது? 71,000-க்கும் மேற்பட்டவர்கள் பதிந்த நலப் பதிவேடே 2003-இல்தான் தொடங்கியது. மீட்புப் பணியாளர், குடியிருப்போர் இரு தரப்புக்கும் சிகிச்சை தரும் ஸட்ரோகா சட்டம் 2011-இல் வந்தது. புற்றுநோய்கள் அதன் பட்டியலில் சேர 2012 ஆனது. இப்போது அந்தச் சிகிச்சைத் திட்டத்தை 2090 வரை நீட்டியிருக்கிறார்கள்.

அதனால் நான் கேட்பது இதுதான். தீயணைப்பு வீரர், துப்புரவுத் தொழிலாளி, ஆலைக்கு அருகே குடியிருப்பவர் எல்லோரையும் நல்ல நாளிலேயே ஒருமுறை ஊத வையுங்கள். அந்தச் சீட்டின் நகலை அவர்கள் கையிலும் கொடுங்கள். நியூயார்க்கில் அன்று இறந்த தீயணைப்பு வீரர்கள் 343 பேர். 2023 செப்டம்பருக்குள், அந்த இடத்தில் வேலை செய்ததால் வந்த நோய்களால் இறந்த வீரர்களும் 343 பேர் ஆகிவிட்டார்கள்.